அம்மைத் தழும்பும் ஆர்டி-பிசிஆர் தாளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கட்டும்னு அதிகம் திருத்தலை.)

ஓசூர்ல இருந்து பேசறேன். பின்னாடி லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, நம்ம வீடு பாகலூர் ரோட்டை ஒட்டி இருக்கு.

இன்னைக்கு ஒரு தாளைப் பத்திப் பேசலாம். "இவருக்கு நோய் வந்தது, குணமாயிடுச்சு, பயணம் செய்யலாம்"னு சொல்ற ஒரே ஒரு பக்கத் தாள். 2022 பிப்ரவரியில அந்தத் தாளுக்காக நான் நாலு நாள் அலைஞ்சேன். அலைஞ்சு முடிச்சதும் ஒரு கேள்வி வந்துச்சு: இந்த மாதிரித் தாள் எப்பத்துல இருந்து இருக்கு? தேடிப் போனா, பதில்ல ஒரு பகுதி நம்ம ஓசூர் எல்லையிலயே கிடைச்சுது.

முதல்ல என் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன்.

2022 பொங்கல் அன்னைக்குக் காய்ச்சல். ஒமிக்ரான் அலை உச்சத்துல இருந்த நேரம். மறுநாள் டெஸ்ட், பாசிட்டிவ். ரெண்டு டோஸ் கோவிஷீல்டு போட்டிருந்ததால பெரிய தொந்தரவு இல்லை. மூணு நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல், அவ்வளவுதான். அந்த ஜனவரி 5ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் புது வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. லேசான பாதிப்புன்னா, பாசிட்டிவ் வந்து ஏழு நாள் ஆகி, கடைசி மூணு நாள் காய்ச்சல் இல்லைன்னா தனிமை முடிஞ்சது. மறுபடி டெஸ்ட் எடுக்கத் தேவையே இல்லை. அரசாங்கக் கணக்குல நான் ஆரோக்கியமான ஆள்.

ஆனா பிப்ரவரி முதல் வாரம் எனக்கு அமெரிக்கா பயணம். ஆபீஸ் வேலை, ஆறு வாரம். அமெரிக்காவுக்குப் பறக்கணும்னா, கிளம்பறதுக்கு முந்தின ஒரு நாளுக்குள்ள எடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட் வேணும். எதுக்கும் பார்த்துக்கலாம்னு ஜனவரி கடைசியில ஒரு ஆர்டி-பிசிஆர் எடுத்தேன். காய்ச்சல் போய் ரெண்டு வாரம் ஆச்சு. ரிப்போர்ட் வந்தது: பாசிட்டிவ்.

இதுல ஆச்சரியம் எதுவும் இல்லை. பிசிஆர் டெஸ்ட் உயிருள்ள வைரஸைத் தேடறது இல்லை, வைரஸோட மரபுப் பொருள்ல ஒரு துண்டைத் தேடுது. அந்தத் துண்டை ரெண்டாக்கும், நாலாக்கும், எட்டாக்கும். இப்படிப் பெருக்கிக்கிட்டே போய், எத்தனையாவது சுற்றுல கண்ணுக்குத் தெரியுதுன்னு பார்ப்பாங்க. அந்த எண்தான் சிடி வேல்யூ. நம்ம ஊர்ல ஐசிஎம்ஆர் வெச்ச வரம்பு 35. ரெண்டை 35 தடவை பெருக்கினா ஏறத்தாழ 3,436 கோடி. அதாவது ஒரே ஒரு துண்டு இருந்தாக்கூட அத்தனை கோடி ஆகிடும். எனக்கு முதல் டெஸ்ட்ல 19, ரெண்டாவதுல 33. முதல்ல வீடு பத்தி எரிஞ்சது, இப்ப மிச்சம் இருக்கறது சாம்பல்தான். ஆனா டெஸ்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. குணமானவங்க சிலருக்கு வாரக்கணக்கா, மூணு மாசம் வரைக்கும்கூட இப்படி வரலாம்.

அமெரிக்காவோட நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசிக்கு இது தெரிஞ்சுதான் இருந்தது. அதனால 2021 ஜனவரி 26ல இந்த டெஸ்ட் விதி வந்தப்பவே ஒரு மாற்று வழியும் வெச்சிருந்தாங்க. 90 நாளுக்குள்ள வந்த பாசிட்டிவ் ரிப்போர்ட் ஒண்ணு, "இவர் பயணம் செய்யத் தகுதியானவர்"னு டாக்டர் கொடுக்கற கடிதம் ஒண்ணு. ரெண்டும் இருந்தா நெகட்டிவ் தேவையில்லை.

வீட்ல இதையெல்லாம் விளக்கிட்டு இருந்தப்ப, எங்க ஆயா மூலையில உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எண்பத்தஞ்சு வயசு, காவேரிப்பட்டணத்துப் பக்கம் பிறந்தவங்க. சின்ன வயசுல பெரியம்மை வந்து பிழைச்சவங்க, முகம் பூரா தழும்பு. "ஏண்டா கண்ணு, உனக்கு வந்து போனதுக்குச் சாட்சி வேணுமாமா? எனக்கு மூஞ்சியிலயே எழுதி வெச்சிருக்கு. உனக்குத்தான் தாள் தேடணும்"னாங்க.

எல்லாரும் சிரிச்சோம். ஆனா ஆயா சொன்னது எவ்வளவு சரின்னு பிறகுதான் தெரிஞ்சுது. அதுக்கு வர்றதுக்கு முன்னாடி, 1898க்குப் போகணும்.

ஓசூர் எல்லையும் பிளேக் பாஸ்போர்ட்டும்

இப்ப ஜூஜூவாடி தாண்டினா அத்திப்பள்ளி. காலையில கம்பெனி பஸ்ஸுல ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போறாங்க. 1898ல ஓசூர் சேலம் மாவட்டத்துல ஒரு தாலுகா. இந்தப் பக்கம் ஆங்கிலேயரோட சென்னை மாகாணம், அந்தப் பக்கம் மகாராஜாவோட மைசூர் சமஸ்தானம். ஆட்சியே வேற வேற.

1896ல பம்பாய்ல பிளேக் வந்தது. அடுத்த வருஷமே ஆங்கிலேய அரசு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டு வந்தது. ஆமா, 2020ல ஊரடங்குக்குப் பயன்படுத்தின அதே 1897ஆம் வருஷத்துச் சட்டம்தான். 1898 ஆகஸ்ட்ல நோய் பெங்களூருக்கு வந்தது. ஹூப்ளி பக்கத்துல இருந்து ரயில்ல வந்தவங்க மூலமா வந்துச்சுன்னு சொல்வாங்க. ஊர் காலியாச்சு. இன்னைக்கு நாம பார்க்கிற மல்லேஸ்வரம், பசவனகுடி ரெண்டும் அந்த நேரத்துல நெரிசலைக் குறைக்க உருவாக்கின பகுதிகள். அங்கங்கே இருக்கிற பிளேக் மாரியம்மன் கோவில்களும் அந்தக் காலத்து நினைவுதான். கோயம்புத்தூர்லயும் பிளேக் மாரியம்மன் இருக்கா.

சென்னை மாகாணத்துல பிளேக் அதிகமா அடிச்சது மைசூரை ஒட்டின மாவட்டங்களைத்தான். சேலம் அதுல ஒண்ணு. பெங்களூர்ல இருந்து ஓடி வர்றவங்களுக்கு நம்ம பக்கம்தான் முதல் வாசல். அவங்களை எப்படிக் கண்காணிக்கிறது? அதுக்கு வந்த ஏற்பாட்டுக்குப் பேரு பிளேக் பாஸ்போர்ட். ஆமா, பாஸ்போர்ட்னுதான் சொன்னாங்க. உள்நாட்டுப் பயணத்துக்குத்தான் அது.

நோய் பரவின ஊர்ல இருந்து வர்றவரை நிறுத்துவாங்க. அக்குள்ல, தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கா, காய்ச்சல் அடிக்குதான்னு பார்ப்பாங்க. ஒண்ணும் இல்லைன்னா பேரு, அப்பா பேரு, எந்த ஊருக்குப் போறாருன்னு எழுதி ஒரு சீட்டு கொடுப்பாங்க. போய்ச் சேர்ந்த ஊர்ல அதிகாரி முன்னாடி தினமும் போய் நிக்கணும், பத்து நாள். நோய் உடம்புக்குள்ள பதுங்கி இருக்கக்கூடிய அதிகபட்ச நாள் பத்துங்கறது அன்னைக்குக் கணக்கு.

நல்லா கவனிங்க. இந்த பாஸ்போர்ட்டை வெச்சிருக்கறவர் நோயாளி இல்லை. நோயாளியா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். அவர் குணமானவர்னும் இது சொல்லலை. அவர் எந்த ஊர்ல இருந்து வர்றாருங்கறதை மட்டும்தான் சொல்லுது. 2021ல இந்தியாவை சிவப்புப் பட்டியல்ல வெச்ச நாடுகளும் இதேதான் பண்ணுச்சு.

இதுல இன்னொரு வேடிக்கை. அதே 1898ல, கராச்சியில பால்-லூயி சிமோங்கிற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கைப் பரப்பறது எலிமேல இருக்கற தெள்ளுப்பூச்சின்னு சோதனை பண்ணிக் காட்டினார். பல வருஷம் யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கலை. அந்த வருஷமெல்லாம் எல்லையில மனுஷனை நிறுத்தி அக்குளைத் தடவிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. தானிய மூட்டைக்குள்ள இருந்த எலி, பாஸ்போர்ட் இல்லாம எல்லையைத் தாண்டிக்கிட்டே இருந்துச்சு.

சோதனைன்னா சும்மா இல்லை. அந்நிய ஆள் உடம்பைத் தொட்டுப் பார்க்கிறது, குடும்பத்தைப் பிரிச்சு முகாமுக்கு அனுப்பறது. ஊருக்கு ஊர் கோபம் கொதிச்சது. 1897 ஜூன்ல புனேயில பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டதுக்கு இந்தக் கோபமும் ஒரு காரணம். எல்லையில ஒரு சீட்டை வாங்கிக்கிட்டுப் பத்து நாள் தலையைக் காட்டிட்டுப் போறது, அதோட ஒப்பிட்டா எவ்வளவோ மேல்னு பலருக்குத் தோணியிருக்கும்.

மண்டபம்: கடல் தாண்டறதுக்கு முன்னாடி ஆறு நாள்

உள்நாட்டுலயே இப்படின்னா, வெளிநாடு போறவங்களுக்கு?

அன்னைக்கு நம்ம ஜனங்களுக்கு வெளிநாடுன்னா பெரும்பாலும் இலங்கை, மலேயா, பர்மா. இலங்கைத் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் இருந்து லட்சக்கணக்கான பேர் போனாங்க. சேலம் மாவட்டத்துல இருந்தும் போனாங்க. கங்காணி வருவார், முன்பணம் கொடுப்பார், ஊரோட கூட்டிக்கிட்டுப் போவார்.

ஆரம்பத்துல மன்னார் பக்கம் இறங்கி, காட்டு வழியா மலைநாட்டுக்கு நடந்தே போகணும். வடக்குப் பாதைன்னு பேரு. காலராவுலயும் பசியிலயும் அந்தப் பாதையில செத்து விழுந்தவங்க ஏராளம். அதனால இலங்கை அரசு நோயைத் தடுக்கணும்னு நினைச்சதை முழுசா தப்புன்னு சொல்லிட முடியாது. 1914ல கொழும்புல பிளேக்கும் வந்துடுச்சு. அதே வருஷம் பிப்ரவரியில பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓட ஆரம்பிச்சது. சென்னையில ரயில் ஏறினா கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட். போறது சுலபமாயிட்டா நோயும் சுலபமா போகும்.

அதுக்காக வந்ததுதான் மண்டபம் முகாம். நம்ம மண்ணுல, இலங்கை அரசு நடத்தின தனிமை முகாம். தோட்டத்துக்குப் போற தொழிலாளிங்க அங்க கிட்டத்தட்ட ஆறு நாள் தங்கணும். துணியை ஆவியில வேகவெச்சு கிருமி நீக்குவாங்க. அம்மை குத்துவாங்க. கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பாங்க. தோட்டத்தோட எண்ணும் ஆளோட எண்ணும் பதிச்ச தகர வில்லை ஒண்ணு ஒவ்வொருத்தர் கழுத்துலயும் தொங்கும். எந்த ஆள் எந்தத் தோட்டத்துக்குன்னு அந்தத் தகரம் சொல்லும்.

ஆனா அதே ரயில்ல, அதே கப்பல்ல போற முதல் வகுப்புப் பயணிக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது. பேரு, விலாசம் கொடுத்துட்டுப் போய், அங்க போய்ச் சுகாதார அதிகாரிகிட்ட சொல்லிக்கிட்டாப் போதும்ங்கற மாதிரித் தளர்வு இருந்தது. மலேயா கப்பல்லயும் இதே கதைதான். கேபின் பயணி நேரா இறங்கிப் போவார். டெக்குல படுத்துக்கிட்டு வந்த நாகப்பட்டினத்து ஆளை, பினாங்கு பக்கத்துல ஜெரஜாக் தீவுல இறக்கித் தனிமையில வைப்பாங்க. காலரா கிருமிக்கு டிக்கெட் வகுப்பு தெரியாது, ஆனா விதி எழுதினவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

மண்டபம் முகாமோட பேரு இன்னைக்கும் ரயில் நிலையப் பேர்ல இருக்கு: மண்டபம் கேம்ப். 1983க்குப் பிறகு இலங்கையில இருந்து உயிருக்குப் பயந்து வந்த தமிழர்களை அங்கதான் தங்க வெச்சாங்க. போறப்பவும் அந்த முகாம், திரும்பி வர்றப்பவும் அந்த முகாம். இதுக்கு ஒரு தனி எபிசோடே போடணும்.

தழும்புக்கு மரியாதை இருந்த காலம்

இப்ப ஆயா விஷயத்துக்கு வர்றேன்.

பெரியம்மை ஒருதடவை வந்து பிழைச்சவங்களுக்கு மறுபடி வர்றது அபூர்வம். இது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆயா சொல்வாங்க, எந்த வீட்ல அம்மை போட்டாலும் ஒத்தாசைக்குத் தழும்பு இருக்கறவங்களைத்தான் கூப்பிடுவாங்களாம். வேப்பிலை கட்டின வாசலைத் தாண்டிப் பயமில்லாம உள்ள போகக்கூடியவங்க அவங்கதான்.

உலக விதியிலயும் இதுக்கு இடம் இருந்தது. 1951ல உலக சுகாதார நிறுவனம் சர்வதேசச் சுகாதார விதிகளைக் கொண்டு வந்தது. வெளிநாடு போறவங்க கையில ஒரு மஞ்சள் புத்தகம் இருக்கும். அம்மைத் தடுப்பூசின்னா மூணு வருஷம் செல்லும், காலரா ஊசின்னா ஆறு மாசம். அதுல அம்மை பத்தின விதி எப்படி இருந்ததுன்னா, முன்னாடியே அம்மை வந்து பாதுகாப்பு இருக்குன்னு போதுமான ஆதாரம் காட்டாதவங்ககிட்டதான் தடுப்பூசிச் சான்று கேட்கலாம். அந்த ஆதாரம் என்ன? பெரும்பாலும் தழும்புதான். எங்க ஆயா 1960ல கப்பல் ஏறியிருந்தா, அவங்க முகமே ஒரு சான்றிதழ். ஆயா ஏறலை. பெங்களூர் தாண்டிப் போனதே இல்லை.

ஆனா நோய் வந்து பிழைச்சதை மரியாதையாக்கினா ஆபத்தும் இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவோட நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல அடிக்கடி மஞ்சள் காய்ச்சல் வரும். அது வந்து பிழைச்சவங்களுக்குத்தான் வேலை, வாடகைக்கு வீடு, கடன், எல்லாம். புதுசா வந்த ஏழைங்க பலர், நோய் வந்துட்டுப் போகட்டும்னு காத்திருந்தாங்க. பிழைச்சா வாழ்க்கை, இல்லைன்னா சுடுகாடு. கேத்ரின் ஒலிவாரியஸ்ங்கற வரலாற்று ஆய்வாளர் இதை விரிவா எழுதியிருக்காங்க.

2020 ஏப்ரல்ல சில நாடுகள் "கொரோனா வந்து குணமானவங்களுக்கு பாஸ்போர்ட் கொடுக்கலாம்"னு பேசினப்ப, உலக சுகாதார நிறுவனம் வேண்டாம்னு எச்சரிச்சது. குணமானவங்களுக்கு மறுபடி வராதுங்கறதுக்கு அப்ப ஆதாரம் இல்லைன்னு சொன்னாங்க. பிறகு பார்த்தா, ஒமிக்ரான் பலருக்கு ரெண்டாவது தடவையும் வந்தது. அந்த எச்சரிக்கை சரியாத்தான் போச்சு. கொரோனா பெரியம்மை மாதிரி இல்லை. தழும்பும் கிடையாது, ஆயுசுக்குமான பாதுகாப்பும் கிடையாது. அதனால குணமானவர் தானே வந்து "இதோ பாரு"ன்னு காட்ட எதுவுமே இல்லை. அவருக்காக வேற யாராவது பேசணும்.

யார் பேசுவாங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு.

ரெண்டு பேர், ரெண்டு தாள்

என் கடிதக் கதையை முடிச்சிடறேன். எங்க கம்பெனி டிராவல் டெஸ்க்ல இருந்து சிடிசி விதியை அப்படியே மெயில்ல அனுப்பினாங்க, கடிதத்துல என்னென்ன வரி இருக்கணும்னு மாதிரியோட. அதை பிரிண்ட் எடுத்துக்கிட்டு ஒரு கிளினிக் போனேன். "இதெல்லாம் நாங்க தர்றது இல்லை"ன்னுட்டாங்க. ரெண்டாவது இடத்துலயும் அதேதான். கடைசியில அப்பாவுக்குப் பல வருஷமா பழக்கமான ஒரு டாக்டர், படிச்சுப் பார்த்துட்டு, லெட்டர்பேடுல எழுதி, பதிவு எண் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார். ஃபீஸ்கூட வாங்கலை.

ஏர்போர்ட்ல விமான நிறுவனத்துக் கவுன்ட்டர்ல, "நெகட்டிவ் ரிப்போர்ட் எங்க சார்?"னு கேட்டாங்க. கடிதத்தைக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு அந்த மாதிரித் தாளைப் பார்த்ததே இல்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டாங்க. அவர் வேற யாருக்கோ போன் போட்டார். நாற்பது நிமிஷம். பின்னாடி வரிசையில இருந்தவங்க, என் கையில இருந்த பாசிட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ரெண்டு அடி தள்ளி நின்னாங்க. கடைசியில நான் மெயில்ல இருந்த விதியைப் படிச்சுக் காட்டினதும் போர்டிங் பாஸ் கொடுத்தாங்க. அமெரிக்காவுல இறங்கினப்ப அந்தத் தாளை யாரும் கேட்கவே இல்லை.

இப்ப இன்னொருத்தர் கதை. என் பள்ளிக்கூட நண்பனோட அண்ணன். சிப்காட்ல ஒரு சின்ன யூனிட்ல ஃபிட்டர் வேலை. 2021ல வளைகுடாவுல ஒரு வேலை கிடைச்சது. ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியாச்சு. மே மாசம், ரெண்டாவது அலையில கொரோனா வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் இருந்து பிழைச்சு வந்தார்.

ஊசி போட்டுக்கிட்டாத்தான் விமானம் ஏற முடியும்னு ஏஜென்ட் சொல்லிட்டார். அவர் இன்னும் முதல் ஊசியே போடலை. அந்த மே 19ஆம் தேதி மத்திய அரசு என்ன சொல்லிச்சுன்னா, கொரோனா வந்து குணமானவங்க மூணு மாசம் கழிச்சுத்தான் தடுப்பூசி போட்டுக்கணும். மருத்துவரீதியா அது நியாயமான முடிவு. குணமான உடம்புல கொஞ்ச நாளைக்குப் பாதுகாப்பு இருக்கும், ஊசியும் அப்பத் தட்டுப்பாடு. ஆனா இவர் நிலைமையைப் பாருங்க. "உன் உடம்புல பாதுகாப்பு இருக்கு, அதனால ஊசி இப்ப வேண்டாம்"னு இந்தப் பக்கம் சொல்றாங்க. "ஊசி இல்லையா, அப்ப உனக்குப் பாதுகாப்பு இல்லை"ன்னு அந்தப் பக்கம் சொல்றாங்க. ரெண்டும் ஒரே உடம்பைப் பத்தி.

அதுக்கு மேல, கோவிஷீல்டு ரெண்டு டோஸுக்கு நடுவுல 12ல இருந்து 16 வாரம் இடைவெளின்னு மே 13ல மாத்தியிருந்தாங்க. ஜூன் 7ல ஒரு சலுகை வந்தது: படிப்புக்கு, வேலைக்கு வெளிநாடு போறவங்க 28 நாள்லயே ரெண்டாவது டோஸ் போட்டுக்கலாம், கோவின் சான்றிதழ்ல பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்துக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனா அது முதல் டோஸ் போட்டவங்களுக்கு. இவர் முதல் டோஸுக்கே ஆகஸ்ட் கடைசி வரைக்கும் காத்திருக்கணும். அங்க இருந்த கம்பெனி காத்திருக்கலை. வேற ஆளை எடுத்துக்கிட்டாங்க. ஏஜென்ட் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மீதிக் கடனை அடைக்க ரெண்டு வருஷம் ஆச்சு.

ஐரோப்பிய யூனியன்ல 2021 ஜூலை 1ல இருந்து ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வந்தது. ஊசி போட்டவங்க, நெகட்டிவ் வந்தவங்க, குணமானவங்க, மூணு பேருக்கும் அதுல இடம் இருந்தது. பாசிட்டிவ் வந்த 11ஆம் நாள்ல இருந்து 180 நாள் வரைக்கும் குணமான சான்று செல்லும். நம்ம கோவின்ல ஊசிக்குச் சான்று இருந்தது. குணமானதுக்கு இல்லை. சாஃப்ட்வேர் ஆளா சொல்றேன், அது எழுத முடியாத கோடு இல்லை. பாசிட்டிவ் வந்த ஒவ்வொருத்தர் பேரும் தேதியும் அரசாங்கக் கணக்குல ஏற்கெனவே இருந்தது. அப்படி ஒரு சான்று இருந்திருந்தாலும் அந்த வளைகுடா நாடு ஏத்துக்கிட்டிருக்குமான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கையில காட்டறதுக்கு ஏதாவது இருந்திருக்கும்.

எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேருமே நோய் வந்து குணமானவங்க. சொல்லப்போனா அவருக்கு வந்தது தீவிரமான நோய், எனக்கு வந்தது சளி மாதிரி. என்கிட்ட விதியைத் தேடி எடுத்துக் கொடுக்க ஒரு டிராவல் டெஸ்க் இருந்தது, அப்பாவுக்குத் தெரிஞ்ச டாக்டர் இருந்தார், கவுன்ட்டர்ல நின்னு இங்கிலீஷ்ல விதியைப் படிச்சுக் காட்ட எனக்கு வாய் இருந்தது. நான் மண்டபத்துல முதல் வகுப்புல போனவன். அவர் தகர வில்லை மாட்டின வரிசையில நின்னவர். என் திறமையில நான் போனேன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இந்த எபிசோடுக்குப் படிக்க ஆரம்பிச்சப்பதான் அது அப்படி இல்லைன்னு உறைச்சது.

எல்லையில நோயைத் தடுக்கறது தேவைதான். ஆப்பிரிக்காவுலயும் தென் அமெரிக்காவுலயும் மஞ்சள் காய்ச்சல் இருக்கற நாடுகள்ல இருந்து ஊசிச் சான்று இல்லாம வர்றவங்களை, நாமளும் இன்னைக்கு ஆறு நாள் வரைக்கும் தனிமையில வைக்கறோம். அந்த நோய் இங்க இல்லை, ஆனா பரப்பக்கூடிய கொசு இருக்கு, ஒருதடவை உள்ள வந்தா அவ்வளவுதான். அங்க போறவங்க நம்ம கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல ஊசி போட்டு மஞ்சள் புத்தகம் வாங்கிக்கறாங்க. முன்ன பத்து வருஷம்தான் செல்லும், 2016ல இருந்து ஆயுசுக்கும் செல்லும். அந்த விதி எனக்குப் பிடிக்கும். முதல் வகுப்பா, மூணாம் வகுப்பான்னு அது கேட்கலை. ஊசி எங்க கிடைக்கும், எவ்வளவு நாள் செல்லும், ஊசி இல்லைன்னா என்ன ஆகும், எல்லாம் முன்கூட்டியே எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியும்.

அமெரிக்கா அந்த டெஸ்ட் விதியை 2022 ஜூன் 12ல எடுத்துடுச்சு. என் கடிதம் இன்னும் பாஸ்போர்ட் கவர்லயே மடிச்சுக் கிடக்கு. நண்பனோட அண்ணன் இப்பவும் சிப்காட்ல அதே யூனிட்லதான் வேலை பார்க்கிறார். போன வாரம் டீக்கடையில பார்த்தேன். இந்த எபிசோடு பத்திச் சொல்லி, உங்க கதையைச் சொல்லலாமா அண்ணான்னு கேட்டேன். "சொல்லு தம்பி, பேரை மட்டும் போடாத. குணமாயிட்டேன்னு எங்கயாவது ஒரு இடத்துலயாவது பதிவாகட்டும்"னார்.

பதிவாயிடுச்சு அண்ணா.

உங்க வீட்ல இலங்கைக்கோ மலேயாவுக்கோ போன பெரியவங்க இருந்தா, மண்டபம் முகாம், தகர வில்லை, மஞ்சள் புத்தகம், எதைப் பத்தியாவது அவங்க சொன்ன கதை இருந்தா வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. பழைய மஞ்சள் புத்தகம் பீரோவுல கிடந்தா அதைப் பத்தியும் சொல்லுங்க. மண்டபம் எபிசோடுக்கு அதெல்லாம் உதவும். அதுவரைக்கும் உடம்பைப் பார்த்துக்கோங்க.